கேத்தியில் நிற்கும் ரயில்

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள எங்கள் கேத்தி ஸ்டேஷனுக்கு, என் சின்ன வயதில் யாரும் ரயிலைப் பார்க்க வரமாட்டார்கள். ஏறிப் போகத்தான் வருவார்கள். அருவங்காடு வெடிமருந்து ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஊட்டியில் படிக்கிற பிள்ளைகள், கேரட் மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பிய அக்காமார் எல்லோரும் மஃப்ளரும் கம்பளியுமாக ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நாங்களோ வளைவில் புகை தெரிந்த பிறகுதான் மேட்டிலிருந்து ஓடத் தொடங்குவோம். அப்போதும் ரயில் கிடைத்துவிடும். கவுன்டரில் சின்ன அட்டை டிக்கெட்டை இயந்திரத்துக்குள் நுழைத்து 'டக்'கென்று தேதி குத்தித் தருவார்கள். கையில் வாங்கும்போது அதன் ஓரம் கொஞ்சம் சூடாக இருப்பதுபோலத் தோன்றும்.

1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறிய பாதை, 1908-இல் ஊட்டிவரை நீண்டபோதுதான் எங்கள் பள்ளத்தாக்குக்கும் ரயில் வந்தது. தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரம் கடித்து ஏறுவதெல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான். ஆனால் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் வழக்கம் எங்களுக்கும் உண்டு. டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்று அவருக்குக் கண்ணாக இருப்பார். மழையிலும் பனியிலும் அசையாமல் நிற்கும் அந்த மனிதரைப்போல ஆகவேண்டும் என்பதுதான் அன்றைய என் லட்சியம். இன்றும் கொடியைக் கண்டால் என் கை தானாக உயர்கிறது.

1982-இல் 'மூன்றாம் பிறை' படம் வந்தது. அதன் கடைசிக் காட்சியில் மழையில் நனைந்தது எங்கள் பிளாட்பாரம்தான் என்று தெரிந்ததும், தினம் மிதித்த தரையைக்கூட ஊர்க்காரர்கள் புதிதாகப் பார்த்தார்கள்.

2005-இல் யுனெஸ்கோ எங்கள் மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நன்றியோடுதான் சொல்கிறேன், அந்தப் பெயர் இந்த ரயிலுக்குப் பெரிய காப்பு. இப்போது நீராவி எஞ்சினைக் குன்னூரிலேயே கழற்றி டீசலை மாட்டிவிடுவதால் எங்கள் ஊருக்குக் கரிப்புகை மணம் வருவதில்லை, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, சீசனில் ரயில் நிரம்பி வழிந்து வந்து நிற்க, பயணிகள் இறங்கிப் படமெடுக்க, பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய பாட்டி ஏற இடமில்லாமல் பஸ்ஸுக்கு நடப்பதுதான். முன்பதிவில்லாத ஒரு பெட்டியை வழியோர ஊர்க்காரர்களுக்கென்றே விட்டுவைத்தால் போதும். ரயிலும் எங்களுடையதாகவே இருக்கும்.