லேபிளைக் குடிப்போர்

ஒயின் பாட்டிலின் லேபிள் இன்றைக்கு மூன்று வகைப்படும்: முன்பக்கத்தது, பின்பக்கத்தது, செல்போனுக்குள் போய்ப் பார்க்க வேண்டியது. மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் கைங்கர்யம். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாராகும் ஒயினில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். பட்டியலைப் பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்பதில்லை, கியூ.ஆர். கோடு போதும் என்று சலுகையும் உண்டு. ஒரு கையில் பாட்டில், மறு கையில் செல்போன், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி என்று கடை நடுவே நின்று, சிக்னலுக்காகத் தவம் கிடந்தால், ஒயினில் திராட்சை இருக்கிறது என்ற தகவல் கிடைக்கும்.

முன்பக்க லேபிள் ஊருக்கு ஊர் மாறும். பிரான்ஸின் போர்தோவில் வெள்ளைத் தாளில் ஒரு மாளிகைப் படம் மரபு. பர்கண்டியில் பெரும்பாலும் திராட்சையின் பெயரே இருக்காது. ஊர்ப் பெயரை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்வது வாங்குபவர் பாடு. ஜெர்மனியின் உயர்தர இனிப்பு ஒயினுக்கு ‘ட்ரோக்கன்பேரன்ஆவுஸ்லேஸே’ என்று பெயர். வாடிக்கையாளர் அதை வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார்.

போர்தோவின் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட், 1945 முதல் தன் லேபிளுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு ஓவியரைப் பிடிக்கிறது. 1958-க்கு சல்வதோர் தாலி, 1975-க்கு ஆண்டி வார்ஹோல். சம்பளம் ஒயினாகவே தரப்படும். 1993-க்கு பால்தூஸ் வரைந்த நிர்வாணச் சிறுமியின் படத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்ப, அந்த நாட்டுக்கு மட்டும் படமில்லாத வெற்றிடத்தோடு பாட்டில் போயிற்று. சேகரிப்போர் அந்த வெற்றிடத்தையும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

சாமானியருக்கு வாய்த்தவை விலங்குகள். 2001-இல் ஆஸ்திரேலியாவின் யெல்லோ டெயில், துள்ளும் வாலபியோடு (கங்காருவின் சிறிய உறவு) அமெரிக்காவில் இறங்கி விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அப்புறம் அலமாரி முழுக்கப் பறப்பன, ஊர்வன. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் திராட்சைத் தளிரை மேய்வது கங்காருக் கூட்டம். பயிரின் பகையாளியையே விளம்பரத்துக்கு ஏற்றிய தொழில் இது.

பின்பக்க லேபிள் தனி இலக்கியம். முதல் வரியில் தாத்தா வருவார். அவர் எப்போதும் ஒரு மலைச்சரிவில்தான் நின்றிருப்பார். மாலையில் கடற்காற்று வீசும். இரண்டாம் வரியில் பழக்கடை: செர்ரி, பிளம், பிளாக்பெர்ரி. வந்திருக்க வேண்டிய திராட்சை மட்டும் வராது. மூன்றாம் வரியில் தின்னக்கூடாதவை தொடங்கும்: தோல், புகையிலை, தேவதாரு, நனைந்த கல், பென்சில் சீவல். பென்சில் சீவலை எந்த வயதில் யார் தின்று பார்த்துச் சொன்னார்கள் என்ற குறிப்பு இல்லை. முதிர்ந்த ரீஸ்லிங் ஒயினுக்கு பெட்ரோல் வாசனை உண்டு என்பதும், சோவிஞோன் பிளாங்கில் பூனை மூத்திர வாடை அடிக்கும் என்பதும் நிபுணர்கள் பாராட்டாகவே சொல்லும் சங்கதிகள். நான்காம் வரி, ஆட்டிறைச்சி, மீன், பாலாடைக்கட்டி, பாஸ்தா, நல்ல நண்பர்கள் ஆகிய அனைத்தோடும் ஒயின் பொருந்தும் என்கிறது. எதோடு பொருந்தாது என்று சொன்ன லேபிள் கிடையாது. பிறகு, ‘இப்போதே அருந்தலாம், பத்தாண்டு வைத்தும் அருந்தலாம்’. அதாவது எப்போது திறந்து ஏமாந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பல்ல. இடம் மிச்சமிருந்தால் மறுபடி தாத்தா. இத்தனையையும் கடையில் நின்று ஒரு வரி விடாமல் படித்துத் தலையாட்டிவிட்டு, இருப்பதிலேயே விலை குறைவானதற்கு அடுத்த பாட்டிலை எடுப்பதே குடிப்போர் வழக்கம்.

லேபிள் நாக்கை ஆளும் என்பது சோதித்தறிந்த விஷயம். போர்தோவில் ஃப்ரெடெரிக் ப்ரொஷே என்ற ஆய்வாளர் ஒரே ஒயினை உயர்ரகப் பாட்டிலிலும் மலிவுப் பாட்டிலிலும் ஊற்றிக் கொடுத்தார். முதலாவது புகழப்பட்டது, இரண்டாவது வசவு வாங்கியது. 1976-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி பிரெஞ்சு, கலிஃபோர்னிய ஒயின்களைப் பெயர் மறைத்துச் சுவைக்கக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்கள் சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியாவுக்கே முதலிடம் தந்து, பிறகு முகம் சிவந்தார்கள்.

தயாரித்தவர், ஊர், ஆண்டு, ஆல்கஹால் சதவீதம். லேபிளில் வேலைக்காகும் தகவல் இந்த நான்குதான். கடைசியது பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். மிச்சமெல்லாம் அச்சகத்தின் திறமை. விலையில் அதற்கும் பங்கு உண்டு.