காசாளர் சைக்காலஜி படித்த கதை

34 வருஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நோட்டு எண்ணிய மதுரைக் காசாளர் ஒருவர், ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் அஞ்சல்வழியில் பி.எஸ்ஸி. உளவியல் சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார். பேரனிடம் ‘அறிவுத் தாகம்’ என்றார். வாக்கிங் நண்பர்களிடம் ‘மூளை துருப்பிடிக்கக் கூடாதே’ என்றார். உண்மைக் காரணம் அவருடைய மைத்துனர். கைமாற்றாக வாங்கிப்போன 20,000 ரூபாயைத் திருப்பித் தரும் உத்தேசம் அந்த மனிதருக்கு உண்டா, இல்லையா? வாய்விட்டுக் கேட்காமல் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு பட்டப்படிப்பு தேவைப்பட்டது.

செய்தி பரவியதும் கல்யாண வீடுகளில் அவருக்குத் தனி மவுசு வந்தது. “சைக்காலஜி படிக்கிறீங்களாமே, நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லுங்க பார்ப்போம்” என்று ஒரு சம்பந்தி மடக்கினார். “அடுத்த பந்தியிலயாவது இடம் கிடைக்குமான்னு நினைக்கிறீங்க” என்றார் காசாளர். சம்பந்தி வாயடைத்துப் போனார். பிறர் மனதைப் படிப்பதில் காசாளருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. கடைசி வெற்றியும் அதுவே.

ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முக வகுப்பு. பதவி உயர்வுக்காகப் படிக்கும் ஒரு போலீஸ்காரர், இரவு டியூட்டி முடிந்து நேரே வந்து கொட்டாவி விடும் ஒரு நர்ஸ், மாப்பிள்ளை பார்த்து முடிப்பதற்குள் ஒரு டிகிரி இருக்கட்டுமே என்று சேர்க்கப்பட்ட இரண்டு பெண்கள். எல்லாருக்கும் மூத்தவர் நம் காசாளர். பேராசிரியை முதல் நாளே கைவிரித்துவிட்டார்: “யார் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க இங்க சொல்லித் தர மாட்டோம்.”

பிறகு கரும்பலகையில் 1879 என்று எழுதினார். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்த ஆண்டு அது. அங்கே சோபாவில் படுக்கவைத்துக் கனவு கேட்கவில்லை. ஓர் ஒலி கேட்டதும் எவ்வளவு நேரத்தில் விரல் அசைகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். கூடவே, பழக்கப்பட்ட ஆட்களை உட்காரவைத்து, அந்தக் கணத்தில் உள்ளே என்ன தோன்றியது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். அதற்கு அகநோக்கு என்று பெயர். அதாவது, மனதைத் தெரிந்துகொள்ள அறிவியல் கையாண்ட முதல் வழிகளில் ஒன்று, ஆளிடமே கேட்பது. மைத்துனர் விஷயத்தில் காசாளர் தவிர்க்க நினைத்ததும் அதைத்தான்.

நடத்தைப் பாடத்தில் மணிக்கு எச்சில் ஊறும் நாய்கள் வந்தன. அந்தச் சோதனையைச் செய்த பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது மணிக்காக அல்ல, செரிமான ஆராய்ச்சிக்காக. அவருடைய ஆய்வுக்கூடம் நாய்களின் இரைப்பை நீரை அஜீரண மருந்தாக விற்றுக் காசும் பார்த்தது. இதைப் படித்துவிட்டு காசாளர் ஒரு வாரம் லேகியம் சாப்பிடவில்லை.

அதே பாடத்தில்தான் எதிர்மறை வலுவூட்டல் என்ற கண்ணிவெடி. படிக்கிற அத்தனை பேரும் அதைத் தண்டனை என்று எழுதிவிட்டு மார்க்கை இழப்பார்கள். காசாளருக்கு மட்டும் அது வீட்டிலேயே விளங்கியது. காலையில் மனைவி முணுமுணுக்கிறார். இவர் பையை எடுத்துக்கொண்டு போய்க் காய் வாங்கி வருகிறார். முணுமுணுப்பு நிற்கிறது. மறுநாள் இவர் தானாகவே பையை எடுக்கிறார். ஒரு தொல்லை விலகியதால் ஒரு செயல் கூடியது, அவ்வளவுதான் விஷயம். பரீட்சையில் இதை அப்படியே எழுதினார், மனைவியை மட்டும் ‘சூழல்’ என்று மாற்றி.

மனநோய்கள் பாடம் வந்த வாரம் வீடே ஆடிப்போனது. திங்கள்கிழமை அவருக்குப் பதற்றக் கோளாறு. புதன்கிழமை மனச்சோர்வு. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று இரண்டாம் முறை எழுந்துபோய்ப் பார்த்த இரவில் எண்ணச் சுழற்சி நோய். வெள்ளிக்கிழமை அந்தப் பாடம் முடிந்தது, எல்லாம் குணமாகிவிட்டது.

அவரை நிஜமாகவே குலுக்கியது 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் நடத்திய சோதனை. அறிமுக உளவியல் வகுப்பில் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றைக் கொடுத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவர் கையிலும், இது உன்னுடைய குணச்சித்திரம் என்று ஒரு தாளை நீட்டி, எவ்வளவு பொருத்தம் என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகு பார்த்தால் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாசகங்களை அவர் எடுத்தது கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து. மீனாட்சியம்மன் கோவில் பக்கம் கிளி எடுத்துக்கொடுத்த சீட்டை நம்பி இடம் வாங்கிய காசாளருக்கு இது சும்மா விடுகிற விஷயமாகப் படவில்லை.

ஆறு தாள் எடுத்தார். ஆறிலும் தம் கைப்பட ஒரே மாதிரி எழுதினார்: ‘வெளியே தைரியசாலியாகத் தெரிவீர்கள், உள்ளே இளகின மனசு. உழைத்த அளவுக்குப் பேர் கிடைக்கவில்லை. உங்கள் அருமை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.’ ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த ஐந்து உறவினர்களும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். மைத்துனருக்குக் கண் கலங்கியே விட்டது. “இத்தனை வருஷத்துல என்னைப் புரிஞ்சுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான் அத்தான்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நெகிழ்ச்சியிலேயே இன்னும் 5,000 கேட்டார். கொடுக்கும்படி ஆயிற்று.

ஆறாவது தாள் மனைவிக்கு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு 2 மார்க் போட்டார். “இது எனக்கு எழுதினது இல்லீங்க. அப்படியே என் தம்பிக்கு எழுதினது.” ஆக 27ஐ ஆறால் வகுத்தால் சராசரி 4.5. ஃபோரரை முந்திவிட்ட பெருமை காசாளருக்கு, 25,000 ரூபாய் செலவில்.

புத்தகத்தில் அவருக்கு ஒரு குறை இருந்தது. இந்தியக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் மார்கன், கிங் எழுதிய தடிப்புத்தகம் அது. யாரை வைத்துச் சோதித்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் அமெரிக்க இளவட்டங்கள். காசாளரின் சந்தேகம் நியாயமானது. 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் இரு சகாக்களும் இதைக் கணக்கோடு போட்டு உடைத்தார்கள். மேற்கத்தியத் தொழில்வள நாடுகளில் உலக மக்கள்தொகையின் 12 சதவீதம்தான் வாழ்கிறது, ஆனால் முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் அங்கிருந்து. சமூக உளவியலின் முக்கியமான ஒரு இதழில், அமெரிக்க ஆய்வுகளில் 67 சதவீதம் உளவியல் வகுப்பு மாணவர்களை மட்டுமே வைத்து நடந்தவை. வகுப்புக்கு வந்த பிள்ளைகளைச் சோதித்து, முடிவைப் புத்தகமாக்கி, அடுத்த வருஷம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கே பாடமாக வைக்கிற ஏற்பாடு. பேங்கில் இப்படிச் செய்தால் ஆடிட்டர் விடமாட்டார்.

நம்மவர்கள் கதவைத் தட்டாமலும் இல்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1916இலேயே வந்துவிட்டது. அங்கே டாக்டர் பட்டம் பெற்ற கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதி அவரோடு கருத்து வேறுபடவும் செய்தார். ஃப்ராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு 1931இல் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பியது. ஃப்ராய்டு அதைத் தம் மேஜையில் வைத்துக்கொண்டார். இதைக் கேட்ட காசாளரின் மனைவி கேட்டார்: “பெருமாளை மேஜையில வச்சுக்கிட்டா அந்தப் பேச்செல்லாம் பேசினாரு?”

கடைசியாக பிராக்டிகல். கண்ணாடி வரைவு என்று ஒன்று. காகிதத்தில் இரட்டைக் கோட்டில் நட்சத்திரம். கை தெரியாதபடி மறைப்பு. எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கேட்க எளிது. மூலைக்கு மூலை கை சண்டித்தனம் செய்யும், மேலே போ என்றால் கீழே இறங்கும். ஆனால் செய்யச் செய்யப் படியும். 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்டு, புதிய நினைவு எதையும் தக்கவைக்க முடியாமல் போன ஹென்றி மொலைசனிடம் பிரெண்டா மில்னர் இதே நட்சத்திரத்தை மூன்று நாள் வரையக் கொடுத்தார். மூன்று நாளும் அவருக்கு அது புதிய வேலை, முன்னால் செய்த நினைவே இல்லை. ஆனால் கைக்கு மட்டும் நினைவிருந்தது, பிழை குறைந்துகொண்டே வந்தது. நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல என்று காட்டிய சோதனை.

காசாளர் புடவை அட்டைப்பெட்டியை வெட்டி மறைப்புச் செய்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துவைத்து மனைவியை உட்கார வைத்தார். ஸ்டாப்வாட்சை அழுத்தினார். முதல் மூலையிலேயே பென்சில் நின்றது. அம்மாள் ஒரு கணம் யோசித்தார், கண்ணை மூடிக்கொண்டார், சரசரவென்று நட்சத்திரத்தைப் போட்டு முடித்தார்.

“கண்ணாடியைப் பார்க்கணும்! அதுதான் ரூல்!”

“பார்த்தாத்தானே கை குழம்புது? கோலம் போடறவளுக்கு எதுக்குங்க கண்ணாடி?”

சோதனை முடிந்ததும் ரெக்கார்டு நோட்டில் ஒரு தலைப்பு உண்டு: அகநோக்கு அறிக்கை. வுண்ட் காலத்து வழக்கம், இன்னும் போகவில்லை. சோதனைக்கு உட்பட்டவர் தம் அனுபவத்தைச் சொல்ல வேண்டும், இவர் அப்படியே எழுத வேண்டும். மனைவி சொன்னார்: “பாலை அடுப்புல வச்சிட்டு வந்தேன், பொங்கியிருக்குமேன்னு நினைச்சேன். நீங்க வாட்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னது பழையபடி பேங்குக்குக் கிளம்பின மாதிரி இருந்துச்சு. ரிட்டயரானதுலேருந்து உங்களுக்குப் பொழுதே போகலை. அதான் உட்கார்ந்தேன்.”

காசாளர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். “சார், இதையெல்லாம் எழுதினா மார்க் போயிரும். எல்லாரும் எழுதறதை எழுதுங்க.”

அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புதுப் பக்கத்தில் எழுதினார்: ‘தொடக்கத்தில் கடினமாக இருந்தது. போகப் போக எளிதானது. சோதனையில் ஆர்வத்துடன் பங்கேற்றேன்.’ பேராசிரியை பச்சை மையில் டிக் போட்டு, அடுத்த நோட்டை எடுத்தார். அதிலும் அதே மூன்று வரிகள் இருந்தன.