சைக்கிளுக்கு முன்னே வந்த சாமான்கள்

மருமகன் மலைச் சைக்கிள் வாங்குகிறான். சைக்கிள் வந்து சேரும் முன்பே அதன் பரிவாரம் வந்து இறங்கிவிட்டது. ஹெல்மெட், கையுறை, கண்ணாடி, முழங்கால் கவசம், மெத்தை தைத்த கால்சட்டை, உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை. வடவள்ளியில் அக்கா வீட்டுக் கூடத்தில் இதையெல்லாம் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தபோது, பையன் சைக்கிள் ஓட்டப் போகிறானா, படையெடுக்கப் போகிறானா என்று புரியவில்லை.

"இதெல்லாம் இல்லாம மண் தடத்துல இறங்கவே கூடாதுங்க மாமா" என்றான்.

நாங்கள் இறங்கியிருக்கிறோம். எண்பதுகளில் மருதமலை அடிவாரத்தில் வாடகை சைக்கிளில் சுற்றிய எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு உடை டவுசர். சைக்கிளின் மட்கார்டில் கடை நம்பர் இருக்கும். சீட்டுக்கு எட்டாத கால்கள் குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைந்து குரங்குப் பெடல் போடும். பிரேக்கும் உண்டு, பிடிப்பதும் பிடிக்காததும் அதன் இஷ்டம். அவசரத்துக்குச் செருப்புக்காலைத் தரையில் தேய்த்துக்கொள்வோம். காற்று போதுமா என்பதைக் கட்டைவிரல் சொல்லும். செயின் முதல் சீட்டு ஸ்பிரிங் வரை கிரீச்சிட்டது எதுவானாலும் தேங்காய் எண்ணெய். பஞ்சரானால் தள்ளிக்கொண்டு நடந்தால் போதும். ஏதாவது ஒரு முக்கில் தண்ணீர்ச் சட்டி, உப்புத்தாள், சொல்யூஷன் சகிதம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கருவிகளைச் சுமக்கும் பொறுப்பை ஊர் அவரிடம் ஒப்படைத்திருந்தது.

இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்களும் எங்கள் கட்சிதான். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலான இளைஞர்கள், காயலான் கடைக்குப் போகவேண்டிய பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலைச்சரிவில் பாய்ந்தார்கள். ஜீன்ஸும் கனத்த பூட்ஸும்தான் அவர்களின் சீருடை. 1976 அக்டோபரில் ரீபேக் என்ற பந்தயத்தை ஆரம்பித்தார்கள். சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போகும்; புதிதாக அடைத்துக்கொண்டுதான் அடுத்த சுற்று. அவர்களுக்கு அத்தியாவசியப் பொருள் என்று பட்டியல் போட்டால் ஒரு கிரீஸ் டப்பாவோடு முடிந்துவிடும்.

மருமகனின் சைக்கிளில் இந்தச் சித்து எதுவும் பலிக்காது. டிஸ்க் பிரேக்கில் துளி எண்ணெய் பட்டாலே பிடிமானம் போய்விடும். ஸ்பேனருக்கு வேலையில்லை, திருகுகளெல்லாம் 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ கேட்கின்றன, டிஸ்க்கைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் டி25 நட்சத்திர முனை கேட்கின்றன. பஞ்சர் கடைக்காரர் இன்றும் இருக்கிறார், மோட்டார் சைக்கிள்களுக்கு. அவருடைய பம்பு ஒல்லியான பிரெஸ்டா வால்வில் உட்காராது; நடுவில் ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். மலைத்தடத்திலோ அவரும் கிடையாது. ஆகவே அவரைப் பிரித்துப் பொட்டலமாகக் கட்டி முதுகில் சுமக்கவேண்டியிருக்கிறது.

பொட்டலத்தில் பாதியைக் கழிக்க மாமனுக்கு உரிமை உண்டு. ஹெல்மெட்டில் வாதமில்லை. விழும்போது உள்ளங்கைதான் முதலில் ஊன்றும், கையுறையும் இருக்கட்டும். டியூப்லெஸ் டயரானாலும் ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லிவர், கைப்பம்பு, செயின் கட்டர் உள்ள மடக்குக் கருவி. பின்னால் பத்து கியரா, பன்னிரண்டா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் செயின் இணைப்புக் கண்ணி ஒன்று. இவ்வளவும் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும். டார்க் ரெஞ்சும் ரிப்பேர் ஸ்டாண்டும் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கலாம். விழுவதைப் படம் பிடிக்கும் கேமரா, ஒழுங்காக விழக் கற்றுக்கொண்ட பிறகு.

சைக்கிளும் வந்தது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மலைக்குப் போகும் முன் கூடத்திலேயே டயரைக் கழற்றி, டியூப்லெஸ் வால்வைப் பிடுங்கி, மாற்று டியூபை மாட்டிக் காட்ட வேண்டும். காணொளி பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்கப் போராடி மாட்டினான். எனக்குத் திருப்தி. அக்காவுக்குத்தான் கோபம், டயருக்குள் இருந்த வெள்ளைச் சீலண்ட் கொட்டி, புது டைல்ஸில் காய்ந்து ஒட்டிக்கொண்டதாம். கவலைப்பட வேண்டாம், அதைக் கரைத்து எடுக்கத் தனியாக ஒரு திரவம் வருகிறதாம். மருமகன் ஆர்டர் போட்டுவிட்டான்.