சித்தப்பா இல்லாத காதல்: பிரெஞ்சுப் படங்களை முன்வைத்து ஓர் ஐதராபாத் ஆய்வு

பிரெஞ்சுக் காதல் நகைச்சுவைப் படம் பார்த்து முடித்தவர் முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு ஒட்டிக்கொள்கிறது. கதையைச் சொல்லச் சொன்னால் திணறுவார். ‘ஒண்ணுமே நடக்கலைங்க, ஆனா நல்லா இருந்தது’ என்பார். இந்த ‘நடக்கலை’க்கும் ‘நல்லா இருந்தது’க்கும் உள்ள காரண காரியத் தொடர்பை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

பாரிஸ் நகரின் அழகே காரணம் என்பாரும், நாயகியின் நெற்றியில் விழும் முடியே காரணம் என்பாரும், அந்த மொழியில் மளிகைக் கணக்கு வாசித்தாலும் காதல் வசனமாகத்தான் கேட்கும் என்பாரும் உளர். அவை பொருந்தா. என்னை? பாரிசுக்கே போய் நம்மவர்கள் எடுத்த பாட்டுகள் ஏராளம். ஈஃபிள் கோபுரத்தடியில் இடுப்பை ஒடித்து ஆடியும் அந்தச் சிரிப்பு வாய்க்கவில்லை. ஆகவே எம் துணிபு இது: பிரெஞ்சுக் காதலில் சித்தப்பா இல்லை.

சித்தப்பா என்பது ஈண்டு உபலக்கணம். மாமா, பெரியப்பா, அத்தை, அத்தையின் ஓரகத்தி முதலாக, கல்யாண மண்டபத்தில் ‘இவர் யார் பக்கம்?’ என்று இரு வீட்டாரும் விழிக்க, முதல் பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஈறாக எல்லோரையும் அது தழுவும்.

ஆய்வு முறை எளிது. படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, காதலர் இருவர் நீங்கலாக, சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களையும் சோபாவுக்குப் பின்னால் கை கட்டி நிற்பவர்களையும் எண்ண வேண்டும். தெலுங்கில் ‘பொம்மரில்லு’ (2006), தமிழில் அதுவே ‘சந்தோஷ் சுப்ரமணியம்’ (2008). காதலிக்கிற பெண் ஒரு வாரம் அவன் வீட்டிலேயே தங்கிக் குடும்பத்தாரிடம் பாஸ் மார்க் வாங்கப் பார்க்கிறாள். இரு மொழியிலும் அப்பா பிரகாஷ் ராஜ்தான்; ஆளை மாற்றினால் சுமை குறைந்துவிடும் என்ற அச்சம் போலும்.

இனி எதிர்த்தரப்பு. எரிக் ரோமரின் ‘லாமி த மோனாமி’, 1987-ல் வந்தது. பாரிசுக்கு வெளியே புதிதாகக் கட்டிய செர்ழி-போந்த்வாஸ் என்ற ஊரில் நடக்கிறது. பளபளக்கும் அலுவலகங்கள், அடுக்கு வீடுகள், ஓர் ஏரி. ஐதராபாத்தின் கச்சிபௌலிவாசி பார்த்தால் சொந்த ஊர் என்றே நினைப்பார்; அங்குள்ள துர்கம் செரு ஏரியின் மேல் 2020-ல் திறந்த கேபிள் பாலம் மட்டும்தான் குறை. இரண்டு தோழிகள், இரண்டு ஆண்கள், படம் முடிவதற்குள் ஜோடி மாறிவிடுகிறது. கடைசியில் ஏரிக்கரை உணவகத்தில் ஒருத்தி ‘அவன்’ என்று ஒருவனைச் சொல்ல, மற்றவள் வேறொருவனை நினைத்துக் கலங்குகிறாள். அவ்வளவுதான் உச்சக்கட்டம். ஒருவர் வீட்டுப் பெரியவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. கச்சிபௌலியில் இதே குழப்பம் நடந்திருந்தால் இரவோடு இரவாக குண்டூரிலிருந்து இரண்டு இன்னோவா கிளம்பியிருக்கும்.

சித்தப்பா இல்லையென்றால் காதலைத் தாமதப்படுத்துவது யார்? தாமதம் இல்லாவிட்டால் படம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுமே? இங்கேதான் பிரெஞ்சுக்காரரின் சாமர்த்தியம். அந்த வேலையைக் காதலர்களே செய்துகொள்கிறார்கள். ‘அமேலி’ (2001) படத்தில் நாயகி தான் வேலை செய்யும் காபிக் கடையில் கண்ணாடித் தடுப்பில் அன்றைய பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தேடித் தேடி வரவழைத்த பையன். ‘இந்தப் புகைப்படத்தில் இருப்பது நீங்கள்தானே?’ என்று கேட்கிறான். இல்லை என்று தலையாட்டிவிடுகிறாள்! அவன் போனதும் அப்படியே தண்ணீராகிச் சளப்பென்று தரையில் கொட்டிப்போகிறாள். தடுத்தவர் யாருமில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. வில்லன் அவளுடைய கூச்சம் ஒன்றுதான். வில்லனை அடிக்க முடியாது என்பதால் சண்டைக் காட்சியும் இல்லை. இந்த லேசுத்தன்மைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

‘லார்னகேர்’ (2010) படத்தில் மணப்பெண்ணின் அப்பாவே காசு கொடுத்துக் கல்யாணத்தைக் கலைக்க ஆள் வைக்கிறாரே, கலைக்க வந்தவனுக்குத் துணையாக அக்காவும் அக்கா புருஷனும் வருகிறார்களே என்று மறுப்பர். வருகிறார்கள்தான், ஆனால் தொழில்முறையில், கட்டணம் பேசிக்கொண்டு. நம் சித்தப்பா இலவசமாகச் செய்கிற சேவைக்கு அங்கே பில் போடுகிறார்கள் என்பது எம் கட்சிக்கே வலு. ‘அமேலி’யிலும் அடுத்த வீட்டுக் கிழவர் ஒருவர் உண்டு. எலும்பு நொறுங்கும் நோய். வெளியே வராமல், ரெனுவாரின் ஒரே ஓவியத்தை ஆண்டுக்கு ஒன்றாக இருபது ஆண்டாக நகலெடுக்கிறவர். அவரும் தலையிடுகிறார். ஆனால் ‘போ, அவனைப் பிடி’ என்று முடுக்கிவிடுகிறார். சித்தப்பா இலக்கணத்தில் இதற்குச் சூத்திரம் இல்லை.

அந்தக் கிழவர் பெயர் ரேமோன். ஐதராபாத்துக்கும் ஒரு ரேமோன் உண்டு, உறவில்லை. நிஜாமின் படையில் பிரெஞ்சுத் தளபதியாக இருந்து 1798-ல் இறந்தவர். பீரங்கி வார்க்கும் பட்டறை அமைத்தவர். அது இருந்த இடம் இன்றும் கன்ஃபௌண்ட்ரி. அவர் பெயரில்தான் மூசாரம்பாக், மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஒரு நிலையமாக நிற்கிறது. அவர் இறந்த ஆண்டே ஆங்கிலேயர் அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள். இன்று நகரில் பிரெஞ்சு முகாம் என்றால் பஞ்சாரா ஹில்ஸின் அலியான்ஸ் பிரான்சேஸ்தான். அங்கே வினைச்சொல் திரிபு மட்டுமே உயிரை வாங்கும்.

பிரெஞ்சுக் காபிக் கடைக்கு ஈடாக இங்கே இரானி ஹோட்டல் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேநீர், உஸ்மானியா பிஸ்கட், பழைய மேஜை, சுழலும் மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் காதலர் இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் மீதி நாற்காலி காலியாகக் கிடக்காது. ஒரு பெரியவர் வந்து அமர்வார், தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றுவார், இரண்டாவது வாயில் ‘எந்த ஊர் தம்பி, என்ன வேலை?’ என்பார். மூன்றாவது வாயில் அவர் சித்தப்பா. தெலுங்கில் சித்தப்பாவுக்குப் பாபாய் என்று பெயர். இவ்வூரில் இட்லிக்கே பாபாய் இட்லி என்று பெயர் வைத்துத் தின்கிறார்கள். தட்டில்கூடத் தப்பிக்க வழியில்லை.

எனினும் எம் துணிபுக்கு அசைக்க முடியாத சான்று இந்த ஐதராபாத்திலேயே கிடைத்தது. தருண் பாஸ்கரின் ‘பெள்ளி சூபுலு’ (2016). பெண் பார்க்க வருகிறார்கள். ஹால் நிறையச் சொந்தம். பையனும் பெண்ணும் தனியாகப் பேச ஓர் அறைக்குள் போகிறார்கள். கதவு திறக்காமல் மாட்டிக்கொள்கிறது. வேறு வழியின்றி இருவரும் பழைய தோல்விகளைப் பேசத் தொடங்குகிறார்கள். அந்தக் கதவு திறக்கும்வரை அந்த அறை முழுப் பிரான்ஸ்! பிறகுதான் தெரிகிறது, பையன் வீட்டார் வந்ததே தப்பான வீட்டுக்கு. சித்தப்பாக்களின் அத்தனை ஏற்பாடும் வீண். கெட்டுப்போன ஒரு தாழ்ப்பாள் செய்தது கல்யாணம். அவ்வாண்டின் சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குத்தான். தமிழிலும் 2021-ல் ‘ஓ மணப்பெண்ணே!’ என்று வந்தது.

இம்முடிபை மறுத்து எழுத விரும்பும் சித்தப்பாக்கள் தாராளமாக எழுதலாம். அதற்கு முன் ஒரு பிரெஞ்சுப் படத்தை முழுதாகப் பார்க்கவும். நடுவில் ‘இந்தப் பொண்ணோட அப்பா என்ன பண்றார்?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது.