அவசரம் ஐயா, அவசரம்!

கேள்வி: வெளியே இருக்கும்வரை ஒன்றுமில்லை. வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்ததும் அடக்க முடியவில்லை. எங்கள் வாசற்கதவில் ஏதாவது தோஷமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வாஸ்துக்காரர் காதில் போட்டுவிடாதீர்கள், வாசலையே கிழக்கே திருப்பச் சொல்வார். கதவு நிரபராதி. சாவி வந்தால் அடுத்தது கழிப்பறை என்று உங்கள் மூளை பழகிவிட்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தத்துக்கும் இதே சக்தி உண்டு. இனிமேல் ஓடாதீர்கள், ஓடினால் முட்டுவது அதிகமாகும். நின்ற இடத்திலேயே நின்று, சிறுநீரை அடக்கும் தசையை நாலைந்து முறை இறுக்கி இறுக்கி விடுங்கள். தணிந்தபின் நடந்தே போகலாம்.

கேள்வி: பஸ்ஸில் போகும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. அப்படியும் முட்டுகிறதே? (வாசகி, தேனி)

பதில்: காபியை விட்டீர்களா? அதுதான் பலருக்குத் தூண்டிவிடும் ஆசாமி. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், கடுப்பும் வரும். பஸ் நிலையக் கழிப்பறைகளின் லட்சணம் எனக்கும் தெரியும். அதற்கான தண்டனையை உங்கள் சிறுநீர்ப்பை ஏன் அனுபவிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 62. "வயசானா அப்படித்தான் மாமா" என்கிறார் மருமகன். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: மருமகன் டாக்டரா? வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டால் சர்க்கரை நோய், கிருமித் தொற்று, கல், ப்ராஸ்டேட் வீக்கம் எல்லாம் தப்பித்துவிடும். மலச்சிக்கலும், பிரஷருக்குத் தரும் நீர் பிரியும் மாத்திரையும்கூடக் கூட்டாளிகளே. பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400 மில்லி தாங்கும். 100 மில்லிக்கே அலறினால் விசாரிக்க வேண்டும். மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது என்ன குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு, வழியில் கசிந்ததா. அளக்க ஒரு பழைய டம்ளர் போதும். (அது மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது!) நோட்டோடு டாக்டரிடம் போங்கள். சிறுநீர், சர்க்கரை பரிசோதனைகளோடு, போய்வந்த பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். சரியாகக் காலியாகாத பையும் அடிக்கடி அவசரப்படுத்தும். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: எப்போது பயப்பட வேண்டும்? (வாசகி, சேலம்)

பதில்: சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சல், முட்டியும் சொட்டுக்கூடப் போகாமல் அடைத்துக்கொள்வது, இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது. இதில் ஒன்று இருந்தாலும் நோட்டைத் தேடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.