சுகமா, சுமையா?

அமெரிக்கர்கள் விடுமுறைக்கு வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்களே, அது சுகமா, சுமையா?
(வாசகி, தஞ்சாவூர்)

வாலி பையாமின் மனைவியைக் கேட்டிருக்க வேண்டும். சமையலறை இல்லாத கூடாரத்துக்கு வரமாட்டேன் என்று கறாராகச் சொன்னவர் அவர். அந்தப் பிடிவாதத்துக்குக் கணவர் தேடிய பதில்தான், 1931-இல் ‘ஏர்ஸ்ட்ரீம்’ டிரெய்லர் நிறுவனமாக வளர்ந்தது. 1969-இல் நிலாவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் குழுவை நாசா தனிமைப்படுத்தி வைத்ததும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றி அமைத்த டிரெய்லரில்தான்! அடைமழையில் பிள்ளைகளோடு உள்ளே மாட்டிக்கொண்ட தாய்க்கு அவர்கள் பாடு நன்றாகவே புரியும்.

பிறகு ஏன் போகிறார்கள்?

ராத்திரிச் சாப்பாட்டுக்காக! கால் வைத்த கனத்த இரும்புச் சட்டி. அடியில் தணல், விளிம்பு உயர்ந்த மூடியின் மேலும் தணல். உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாம் நிதானமாக வெந்து குழையும். மூடியைக் கொக்கியால் தூக்கும்போது சாம்பல் குழம்பில் விழுந்துவிடக் கூடாதே என்று குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பசிக்கு ஈடில்லை.

ஆனால், அந்தச் சட்டியைக் கழுவும் வேலை அங்கேயும் அம்மா தலையில்தான் என்றால், அதை விடுமுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.