சொன்ன தேதிக்கு முடியுமா?

கேள்வி: ஒரு திட்டத்தைக் குறித்த தேதிக்குள் முடிக்க, சம்பந்தப்பட்ட எல்லோரையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். பாதியில் பேசினால் பேச்சுவார்த்தை. கடைசியில் பேசினால் பஞ்சாயத்து!

சொன்ன தேதிக்கு முன்பே முடித்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சீர்செய்ய ஆறு மாதம் ஆகும் என்றது ரயில்வே. பொறுப்பேற்ற இளம் என்ஜினீயர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புது கர்டர் வரட்டும் என்று காத்திருக்காமல், கடலுக்குள் போன கர்டர்களையே தேடி எடுத்து மாட்டினார். நம்மாட்களாக இருந்தால், தேடுவது யார் என்று தீர்மானிக்கவே ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள்.

பின்னாளில் அவரே டெல்லி மெட்ரோவைக் கட்டினார். தெருவைத் தோண்டும் முன் அங்கே குடியிருப்பவர்களையும் கடைக்காரர்களையும் கூட்டிவைத்து, என்ன நடக்கப்போகிறது, என்ன தொந்தரவு வரும் என்று நிர்வாகம் சொல்லிவிடும். முன்கூட்டியே தெரிந்த தூசுக்கு யாரும் கேஸ் போடுவதில்லை. மெட்ரோ அலுவலகங்களிலோ, கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரங்கள்.

நம் ஆபீஸ்களிலும் கடிகாரம் உண்டு. மணி ஐந்தரை ஆகிவிட்டதா என்று பார்க்க!